நாய் போட்ட ரிட் மனு!

கார் ரேஸ் நடத்துகிறவர்களுக்கும் தெரு நாய்களுக்கும் பூர்வ ஜென்மத்தில் ஏதோ பாக்கி இருக்கிறது!

2011 அக்டோபர். டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டா. இந்தியாவில் முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயம். புத் சர்க்யூட் என்று நாமகரணம் சூட்டி, உலகத்து டிரைவர்களையெல்லாம் வரவழைத்து, வெள்ளிக்கிழமை முதல் பயிற்சி ஓட்டத்தை ஆரம்பித்தால்... டிராக்கில் ஒரு நாய்! சிவப்புக் கொடி காட்டி அத்தனை கார்களையும் நிறுத்திவிட்டார்கள். கோடி கோடியாகக் கொட்டிச் செய்த இன்ஜின்கள் எல்லாம் கப்சிப். நாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. இந்தத் தடவை சென்னை. தீவுத்திடல், கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சுற்றி வளைத்து 3.5 கிலோமீட்டர் டிராக். ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகள். ஃபார்முலா 4 பந்தயம். தெற்காசியாவிலேயே முதல் இரவு நேரத் தெருப் பந்தயம் என்று போஸ்டர். அங்கேயும் ஒரு நாய் உள்ளே புகுந்து, கொஞ்ச நேரம் எல்லாம் நின்றது!

எனக்கென்னவோ அந்த நாய்மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வருஷம் பூராவும் அது படுத்துப் புரண்ட ரோடு. திடீரென்று ஒருநாள் வேலி போட்டு, 'உள்ளே வராதே' என்றால்? அதனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மனுஷர்களிடமும்தான் யாரும் கேட்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், மனுஷர்கள் வக்கீல் வைத்து, முத்திரைத்தாள் வாங்கி, ஹைகோர்ட் படியேறி, மாசக்கணக்கில் நடந்தும் பந்தயத்துக்குத் தடை கிடைக்கவில்லை. நாய் வக்காலத்துகூடப் போடாமல் ஐந்தே நிமிஷத்தில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டது!

*

'முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உட்கார்ந்து காற்று வாங்குகிற உனக்கு, சென்னை ரோட்டைப் பற்றி என்னய்யா கவலை?' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. என் சித்தி மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ரேஸ் பைத்தியம். ஊருக்கு வரும்போது பைக்கில் முட்டத்திலிருந்து மணவாளக்குறிச்சி போவதைக்கூட ஏதோ மொனாக்கோ பந்தயம் மாதிரிதான் போவான். அவன் டிக்கெட் எடுத்துப் போயிருந்தான். மறுநாள் போன்.

"அண்ணே, கண்ணு முன்னாடி போச்சுண்ணே! சர்ர்ருனு!"

"எவ்வளவு நேரம்?"

"மூணு செகண்ட் இருக்கும்."

"மூணு செகண்டுக்கா டிக்கெட்?"

"திரும்ப வரும்ணே! சுத்திச் சுத்தி வரும்!"

அவனுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். அண்ணா சாலையில் வருஷத்துக்கு 363 நாள் ஆமை மாதிரி ஊர்ந்து ஆபீஸ் போகிறவனுக்கு, அதே ரோட்டில் ஒருத்தன் பறக்கிறதைப் பார்க்க ஆசை இருக்காதா? ஆகவே, எதிர்த்தவர்களையெல்லாம் 'விளையாட்டு விரோதி' என்று திட்டவும் மாட்டேன். ரசித்தவர்களையெல்லாம் 'பணக்காரன் வால்' என்று திட்டவும் மாட்டேன். நான் பி.காம். எனக்குத் தெரிந்தது பேரேடு ஒன்றுதான். உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் மிக்ஜாம் புயல் வந்து சென்னையை முழங்கால் தண்ணீரில் (சில இடங்களில் கழுத்துத் தண்ணீரில்) நிறுத்திவிட்டுப் போனது. அந்த நேரத்தில் கார் ரேஸ் விடுவதானால் படகில்தான் விட வேண்டும். தள்ளிவைத்தார்கள்.

அதற்குள் கேஸ். ஓமந்தூரார் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறதே, ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவன் காதில் இந்தச் சத்தம் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. போக்குவரத்தை மறித்தால் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்று ஒரு கேள்வி. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஜம்மென்று ஒரு டிராக் இருக்கும்போது ஊர் நடுவில் எதற்கு என்று ஒரு கேள்வி. இதை அ.தி.மு.க.வும் கேட்டது. (எதிர்க்கட்சி கேட்பதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் நடத்தினால் இவர்கள் கேட்பார்கள்.) எல்லாவற்றுக்கும் மேலே, தனியார் கம்பெனி நடத்தும் பந்தயத்துக்கு அரசுப் பணம் எதற்கு என்ற கேள்வி.

2024 பிப்ரவரியில் ஹைகோர்ட் தீர்ப்பு. பந்தயம் நடத்தலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. முக்கியமான நிபந்தனை, அரசு செலவழித்த 42 கோடி ரூபாயை அந்தக் கம்பெனி திருப்பித் தர வேண்டும். 'ஆகா, பேரேடு சரியாகிவிட்டதே!' என்று நான் தொடையைத் தட்டினேன். 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனையை ரத்து செய்துவிட்டது. தட்டின தொடையைத் தடவி விட்டுக்கொண்டேன்.

பந்தயத்தன்றைக்கு நடந்தது இன்னும் தமாஷ். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் சர்டிபிகேட் வந்தால்தான் கார் ஓடலாம். மதியம் 12 மணிக்குள் வாங்கு என்றது கோர்ட். மழை பெய்ததால் முடியவில்லை. ராத்திரி 8 மணி வரை டைம் கொடுத்தார்கள். ஒருவழியாக வந்தது. என் சித்தி மகன் அதுவரை காலரியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். 3.5 கிலோமீட்டர் ரோடு போட்டு, வேலி போட்டு, லைட் போட்டு, டிக்கெட் விற்று, ஆட்களையும் உட்காரவைத்த பிறகு, 'இங்கே ஓடலாமா?' என்று கேட்கிறோம். கல்யாணப் பந்தியில் இலை போட்டு சாம்பார் ஊற்றின பிறகு பெண்ணின் சம்மதம் கேட்பது மாதிரி!

நம் ஊரில் இதுதான் வழக்கம். ஜனங்களைக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், கோர்ட். அங்கே கேட்கப் போகும்போது தார் காய்ந்திருக்கும்.

*

முதலிலேயே கேட்ட ஊர் ஒன்று உண்டு.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் டென்வர். 1976 குளிர்கால ஒலிம்பிக்ஸை அந்த ஊருக்கு 1970-லேயே கொடுத்துவிட்டார்கள். மேளதாளம் எல்லாம் கொட்டியாயிற்று. ரிச்சர்ட் லாம் என்று ஒரு இளம் எம்.எல்.ஏ. வக்கீல். முக்கியமாக, கணக்காளர்! (நம்ம ஜாதி!) 'இதற்கு எவ்வளவு ஆகும், யார் தலையில் விழும், மலையில் மரங்கள் என்ன ஆகும்' என்று நோண்ட ஆரம்பித்தார். விஷயம் ஓட்டெடுப்புக்குப் போனது. 1972 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நாளன்றே, 'ஒலிம்பிக்ஸுக்கு மாநிலப் பணம் தரலாமா?' என்று ஜனங்களையே கேட்டார்கள். கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்று குத்திவிட்டார்கள். கையில் கொடுத்த ஒலிம்பிக்ஸை 'நீயே வைத்துக்கொள்' என்று திருப்பிக் கொடுத்த ஊர். போட்டி ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்குக்குப் போயிற்று. லாம் அடுத்த தேர்தலில் கவர்னராகவே ஆகிவிட்டார். கணக்குக் கேட்டவன் கவர்னரான கதை!

அதே 1976-ல் கோடைக்கால ஒலிம்பிக்ஸ் கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில். அங்கே யாரும் கேட்கவில்லை. மேயர் ழான் த்ராப்போ ஒரு வாக்குக் கொடுத்தார். 'ஆண்பிள்ளை பிள்ளை பெற்றாலும் பெறுவானே தவிர, ஒலிம்பிக்ஸில் நஷ்டம் வராது' என்ற அர்த்தத்தில். அப்புறம் என்ன? நஷ்டமான நஷ்டம்! பத்திரிகை கார்ட்டூனிஸ்ட் மேயரை நிறைமாதக் கர்ப்பிணியாக வரைந்தார். ஸ்டேடியம் ஆங்கில 'ஓ' எழுத்து மாதிரி வட்டமாக இருக்கும். 'பெரிய ஓ' என்று செல்லப் பெயர். கடன்பட்டிருப்பதற்கும் ஆங்கிலத்தில் 'ஓ' என்றுதானே உச்சரிப்பு? உள்ளூர்க்காரர்கள் எழுத்தை மட்டும் மாற்றி 'பெரிய கடன்' ஆக்கிவிட்டார்கள். அந்தக் கடன் அடைந்தது 2006-ல். முப்பது வருஷம்! அடைத்தவர்கள் யார் தெரியுமா? சிகரெட் பிடித்தவர்கள். சிகரெட்டுக்குத் தனி வரி. 1976-ல் பிறந்த குழந்தை வளர்ந்து, மீசை முளைத்து, ஆபீஸ் வாசலில் நின்று தம்மடித்து, தான் பார்க்காத ஓட்டப் பந்தயத்துக்கு வட்டி கட்டியிருக்கிறது. (ஆபீஸ் வாசலில் நிற்கும் நண்பர்கள் கவனிக்க.)

இதையெல்லாம் பார்த்து ஐரோப்பாக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். 2015-ல் ஹாம்பர்க் நகரத்தில் ஓட்டெடுப்பு வைத்தார்கள், 51.6 சதவீதம் 'வேண்டாம்'. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, செலவுக் கணக்கைப் பார்த்ததும் 2023-ல் இறக்கிவைத்துவிட்டது. அது கிளாஸ்கோவுக்குப் போனது. அதற்கடுத்த 2030 போட்டி? நம்ம அகமதாபாத்! 2025 நவம்பரில் முடிவானது. 2036 ஒலிம்பிக்ஸ் வேண்டும் என்று 2024 அக்டோபரிலேயே இந்தியா கடிதமும் கொடுத்தாயிற்று. ஓட்டுப் பெட்டி? அது எலெக்ஷனுக்கு சார்!

கிரேட்டர் நொய்டா என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அங்கே நிலம் கொடுத்த விவசாயிகள், நஷ்டஈடு போதாது என்று பந்தய நேரத்தில் கொடி பிடித்தார்கள். இன்னொரு பக்கம், இது விளையாட்டா பொழுதுபோக்கா, கேளிக்கை வரி உண்டா இல்லையா என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு. டிக்கெட் வசூலில் கால் பங்கைத் தனியாகக் கட்டி வை என்றது கோர்ட். 2011, 2012, 2013. மூன்று வருஷமும் வெட்டல்தான் ஜெயித்தார். அதோடு ஃபார்முலா ஒன் டாட்டா காட்டிவிட்டது. ஹைதராபாத்தில் இன்னும் சுருக்கம். 2023 பிப்ரவரியில் ஹுசைன் சாகர் ஓரமாக மின்சாரக் கார் பந்தயம். டிசம்பரில் ஆட்சி மாறியது. அடுத்த வருஷப் பந்தயம் ரத்து.

*

எதிர்ப்பு என்றால் எப்போதும் காசுக்காக என்றும் சொல்ல முடியாது. 2013-ல் ஆசிய தடகளப் போட்டி சென்னையில் நடக்க வேண்டியது. இலங்கை வீரர்கள் வருவதானால் இங்கே நடத்த முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா சொல்லிவிட்டார். ஈழத்தில் நடந்தது தமிழ்நாட்டில் எல்லோர் நெஞ்சிலும் கனன்ற நேரம். போட்டி எங்கே போயிற்று? புனே! 2018-ல் காவிரிப் பிரச்னை கொதித்தபோது, 'தண்ணீர் இல்லாதபோது கிரிக்கெட் எதற்கு' என்று ஐ.பி.எல். மேட்ச்சை எதிர்த்தார்கள். சேப்பாக்கத்தில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மீதி மேட்ச்செல்லாம் எங்கே போயின? அதுவும் புனே! ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தமிழன் எதைத் தொட்டு எதிர்த்தாலும் கடைசியில் லாபம் புனேக்காரனுக்கு. அந்த ஊரில் நமக்கு ஒரு சிலையாவது வைக்க வேண்டாமோ?

அந்த இரண்டிலும் எதிர்த்தவர்கள் பக்கம் நியாயமான கோபம் இருந்தது. ஆனாலும் வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்து, சொந்த ஊர்க்காரர்கள் கைதட்ட ஓடலாம் என்று காத்திருந்த தமிழ்நாட்டுப் பையன்களையும் பெண்களையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒருமாதிரிதான் இருக்கிறது.

எதிர்ப்பே இல்லாமல் நடந்ததும் உண்டு. 2022 செஸ் ஒலிம்பியாட், மாமல்லபுரத்தில். செஸ்காரர்கள் ரோட்டை மறிக்கவில்லை. சத்தம் போடவில்லை. யார் வீட்டு நிலத்தையும் எடுக்கவில்லை. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள், அவ்வளவுதான். ஜனங்கள் குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேட்காமல் செய்தாலும், வாழ்கிறவன் கால்மேல் மிதிக்காமல் செய்தால் அவன் சண்டைக்கு வருவதில்லை.

*

எங்கள் கடற்கரைக்கு வெளியாள் வருவது புதிதல்ல. 1981-ல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த நாளிலிருந்து முட்டத்துப் பாறைகளுக்கு நடிப்புத் தொழில்! சினிமாக்காரர்கள் வருவார்கள், எடுப்பார்கள், போவார்கள். வருகிற டூரிஸ்ட்டுகள் இன்றைக்கும் 'எந்தப் பாறை சார்?' என்று கேட்கிறார்கள். அதில் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால், 2016-ல் இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்றபோது கடற்கரையே எழுந்து நின்றது. திட்டத்தைக் கோவளம் - மணக்குடிப் பக்கம் நகர்த்தினார்கள். அங்கேயும் எழுந்து நின்றார்கள். விளையாட்டு பிடிக்காத ஜனங்களும் அல்ல. உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இந்தக் கடற்கரையில் இருக்கும் உறவுமுறை, அந்தந்த நாட்டிலேயே இருக்குமா என்பது சந்தேகம்.

அப்படியானால் இங்கேயே ஒரு சர்வதேசப் போட்டி வந்தால்? 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடத்தினார்களே, அந்த மாதிரி? போன வாரம் சாயாக்கடையில் ஒரு மாமாவிடம் கேட்டே விட்டேன். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது முட்டிவலி. கரையில் இருந்துகொண்டு கடலுக்கு யோசனை சொல்கிறார்.

"மாமா, ஒரு பேச்சுக்கு வச்சுக்கிடுங்க. நம்ம முட்டத்துல உலக அலைச்சறுக்குப் போட்டி. வெளிநாட்டுக்காரன்லாம் வாறான். என்ன சொல்லுவிய?"

சாயாவைக் கீழே வைத்தார்.

"எத்தற நாளு?"

"பத்து நாள்னு வச்சுக்கிடுங்க."

"அந்தப் பத்து நாளும் வள்ளம் எறக்கலாமா?"

"அந்தப் பக்கம் கூடாதும்பாங்க. பாதுகாப்பு."

"செரி. மீன் ஏலம் எங்க நடக்கும்? விக்க வாற பொம்பளையளு எங்க இருப்பாவ?"

"பத்து நாளைக்கு வேற எடம் குடுப்பாங்க மாமா."

"பதினோராம் நாளு திரும்ப இதே எடத்துல விடுவானுவளா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். டென்வர் ஓட்டெடுப்பு, ஹாம்பர்க் சதவீதம், 42 கோடி எல்லாம் மண்டைக்குள் ஓடின. பதில் மட்டும் வரவில்லை.

"நம்ம பயலுவ சாயங்காலம் பந்தடிக்குத எடம்?"

"அதுல காலரி கட்டுவாங்களா இருக்கும்."

"போட்டி முடிஞ்சப் பொறவு அந்தக் காலரியப் பிரிப்பானா, இல்ல 'இது சர்க்கார் எடம்'னு போர்டு வைப்பானா?"

"மாமா, ஒரு பேச்சுக்குத்தான கேட்டேன்..."

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் மக்கா கேக்கேன். எழுதிக் குடுத்தா வரட்டும். எனக்கென்ன? நானும் பாத்துட்டுப் போறேன். ஒரே ஒரு காரியம், ஜூன் ஒண்ணுலேருந்து ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள வைக்கச் சொல்லு. தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டித்தான் கெடக்கும். பயலுவளுக்கும் பொழுது போவும்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிரச்னை தீர்ந்ததே! பேனாவை எடுத்தேன். மாமா சாயாவை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, பாறைகளில் வந்து அறைகிற அலையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆனா ஆனி ஆடியில இந்தக் கடலு நிக்குத நெலைக்கு, எறங்குத வெளிநாட்டுக்காரன எடுக்க நாங்கதான் வள்ளத்தக் கொண்டு போணும். அதுக்கு என்ன கூலின்னும் சேத்து எழுதிக்கிடு."